படத்துல அழுத அய்யலுசாமி

கண்ணத் தொடச்சுக்கோங்க தம்பி. அழுகுறதுக்கு அதுல ஒண்ணுமில்ல. இப்ப டி.வி.யில ஒருத்தன் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து, தொப்பையும் மீசையுமா, சுவத்துல மண்டைய முட்டி முட்டி அழுதான்ல, அது நான்தான். நடிச்சது நான் இல்ல. கதையில அந்த ஆளு நான். அய்யலுசாமி. படத்துல 'அய்யலு அண்ணா'ன்னு கூப்பிடுதான் பாருங்க, அது என்னையத்தான். ஆனா நான் அழுகல. அதச் சொல்லத்தான் உங்களத் தொட்டேன்.

எந்த ஊரு உங்களுக்கு? திருமங்கலமா. சரி. நான் கோவில்பட்டி. ஏறுனதும் கண்டக்டர்கிட்டச் சொன்னேன், வேற படம் போடுப்பான்னு. 'இதுதான் அண்ணாச்சி இப்ப ஓடுது, பஞ்சாபிலருந்து டப்பிங், சனம் கேட்டு வாங்கிப் பாக்குது'ங்கான். இந்தப் படத்துக்குத் தப்பிச்சுத்தான் இன்னைக்கு ஊர விட்டே கெளம்பி வந்திருக்கேன். முதல்ல வந்த பஸ்ஸு இது. ஏறி உக்காந்தா, தலைக்கு மேல அவன் நின்னு ஆடுதான்.

அந்த ஹீரோ இருக்கான்ல, தலைப்பாகைக்காரன், பாட்டும் அவனேதான் பாடுதான், அவன் பேரு கிர்பால் சிங். பாலி, பாலிம்பாங்க. கனடாவுலகூட அவன் பாட்டப் போட்டாத்தான் மாப்பிள்ளை குதிரையில ஏறுவானாம். சொல்லிக்கிடுதாங்க. இவன் பாட்டுக்காரனும் இல்ல, நடிகனும் இல்ல தம்பி. ஹாக்கி வெளையாடுற பய. என்கூட வெளையாடுனவன். ஒரே ரூமு, அடுத்தடுத்த கட்டிலு.

கோவில்பட்டின்னா நீங்க கடலை மிட்டாய்னுதான் சொல்லுவீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதான். ஹாக்கியும் உண்டு. எங்க தெருவுல நடக்கப் பழகுனதும் கையில கம்பக் குடுத்துருவாங்க. அதுலதான் எனக்கு வேலை கெடச்சுது. ஒரு டிபார்ட்மென்ட்ல. எந்த டிபார்ட்மென்ட்டுன்னு வேண்டாம், பென்ஷன் வந்துக்கிட்டிருக்கு. அவங்க டீமு ஜலந்தர்ல. நானும் தகரப் பெட்டியத் தூக்கிட்டுப் போனேன்.

உங்களுக்கு ஹாக்கி தெரியுமா? தெரியாது. பரவாயில்ல, சொல்லுதேன். பெனால்டி கார்னர்னு ஒண்ணு. எதிராளி கோலுக்கிட்ட வச்சுத் தப்புப் பண்ணா நமக்குக் குடுக்குறது. அதுல ஒருத்தன் கோட்டுலருந்து பந்தத் தள்ளிவிடுவான். இன்னொருத்தன் எதுக்க நின்னு அத நிறுத்துவான். இந்தா இப்படி, ஆடாம அசையாம நிக்கணும் பந்து. மூணாமத்தவன் வந்து கோலுக்கு அடிப்பான். அந்த மூணாமத்தவன் நானுதான். நான் கம்ப ஓங்குனா கோல்கீப்பரு கண்ண மூடிக்கிடுவான். அப்பதான் இந்தப் பய வந்து சேந்தான். தாடிகூட அங்கங்க திட்டுத் திட்டா மொளச்சிருந்துச்சு. இவன் ஓங்கி அடிக்க மாட்டான். பந்தக் கம்போட ஒட்டவச்சு, இழுத்துட்டே வந்து, ஒரு சொடுக்கு. போயிரும். கோச்சு என்னையக் கூப்பிட்டு, 'அய்யலு, இனிமே நீ நிறுத்து, அவன் அடிக்கட்டும்'னுட்டாரு.

நிறுத்துனேன். நான் நிறுத்துனாத்தானே தம்பி அவன் அடிக்க முடியும்? பந்து அரை இஞ்சு உருண்டா அவன் சொடுக்கு சொத்தைதான். பேப்பர்ல எவனாவது நிறுத்துனவன் பேரப் போட்டிருக்கானா? உப்புக்குச் சப்பாணியா ஆயிப் போனேன். இத நான் பொறாமையில சொல்லல. வேணியும் பொறாமைங்கா. வேணி என் சம்சாரம். பொறாமைப்படுறதுக்கு அவன்கிட்ட என்ன இருக்கு?

அந்தப் பாட்டு இருக்கே, அதுதான் எனக்கு ஆகாது. பல்லு வெளக்கும்போது பாட்டு. கம்புக்கு டேப்பு சுத்தும்போது பாட்டு. பந்த நிறுத்துறதுக்கு நான் குனிஞ்சு நிக்கேன், முதுகுக்குப் பின்னால முணுமுணுன்னு பாட்டு. 'வாய மூடுல'ம்பேன், தமிழ்லயே. 'சரி வீர்ஜி'ம்பான். வீர்ஜின்னா அவங்க பாஷையில அண்ணன். தமிழ் புரியாது, ஆனா சரிம்பான். எனக்குச் சப்பாத்தி எறங்காதுன்னு தெரிஞ்சு, ஊருக்குப் போறப்பெல்லாம் அவங்க அம்மாகிட்டச் சொல்லி அரிசி கொண்டாருவான். பாஸ்மதி. எனக்குப் பாஸ்மதி பிடிக்குமான்னு ஒரு வார்த்த கேட்டானா? அங்க இருந்த காலம் பூரா அதத்தான் தின்னேன்.

சரி, விசயத்துக்கு வாரேன். படத்துல ஒரு மேட்ச்சு காட்டுதான்ல, மழை பெய்யுது, கூட்டம் கத்துது, ஹெலிகாப்டர்லருந்து எடுத்த மாதிரி. மழையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எங்க கிரவுண்டுல ஒரு லீக் மேட்ச்சு, அம்புட்டுத்தான். நான் நிறுத்துனேன், அவன் ஒரு கோலு போட்டான். போட்டவன் பேசாம இருக்க வேண்டியதுதானே? கேலரிக்கு முன்னால போய் ரெண்டு கையையும் தூக்கிட்டு ஆடுதான். ஆடிட்டு என்னையப் பாத்துக் கையக் காட்டுதான், 'வீர்ஜி, வீர்ஜி'ன்னு. கூட்டம் பூரா என்னையப் பாத்துக் கை தட்டுது. என்னமோ நான் அவன் வீட்டு ஆட்டுக்குட்டி மாதிரி. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க.

அடுத்தாப்புல அவங்களுக்கு ஒரு பெனால்டி கார்னரு. இப்ப நாங்க தடுக்கணும். தடுக்கிறதுல முதல் ஓட்டம்னு ஒண்ணு உண்டு. பந்து கோட்ட விட்டுக் கெளம்புன ஒடனே ஒருத்தன் நேரா அடிக்கிறவனப் பாத்து ஓடணும். அவன் அடிக்கிற பந்து முதல்ல இவன் மேலதான் வரும். அதுக்குன்னு முட்டிக்குக் காப்பு கட்டியிருப்போம். எங்க டீம்ல முதல் ஓட்டம் என் வேலை. அன்னைக்கு ஒரு கோவம். 'ரொம்பத்தான் ஆடுதியே, இதுக்கும் நீயே ஓடு'ன்னேன். கோவத்துல மனுசன் ஆயிரம் சொல்லுவான். ஓடுன்னா ஓடிருதா? கேப்டன்கிட்டக் கேக்க வேண்டாமா? கோச்சத் திரும்பிப் பாக்க வேண்டாமா? 'சரி வீர்ஜி'ன்னு போய் நிக்கான். கூறு வேணும்ல மனுசனுக்கு.

காப்பு என் கால்ல இருந்துச்சு. ஓடுறவன் மாறுனா கழத்திக் குடுக்கிறது வழக்கம்தான், இல்லைங்கல. நான் என்ன தர மாட்டேன்னா சொன்னேன்? அவன் கேக்கல. அம்பயரு வேற கையக் கையக் காட்டி அவசரப்படுத்துனாரு. அதெல்லாம் எவன் பேசுதான் இப்ப.

பந்து நேரா வலது முட்டிச் சில்லுல பட்டுச்சு. கோலு ஓரத்துல நின்ன எனக்குக் கேட்டுச்சு தம்பி, அந்தச் சத்தம். இன்னைக்கும் வேணி அடுப்படியில வெறகு முறிச்சான்னா எந்திரிச்சு வெளிய போயிருவேன். அது வேற, எனக்குப் புகை ஆகாது. பட்ட பந்து எகிறி வெளிய போயிருச்சு. கோலு இல்ல. அந்த மேட்ச்சு நாங்க ஜெயிச்சோம். அத ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான்.

படத்துல என்ன காட்டுதான்? நான் மண்டி போட்டு அவன் கால்ல காப்பு கட்டி விடுதேன். விசில் ஊதுது. அவன் பொறுக்க மாட்டாம ஓடிருதான். காப்பு என் கையில தொங்குது. நான் 'பாலி'ன்னு கத்துதேன். நீங்க அதுலயே மூக்க உறிஞ்சுனீங்க, பாத்தேன். நான் மண்டி போடுற ஆளா? எங்க அப்பனுக்கே மண்டி போட்டதில்ல.

ஆஸ்பத்திரி எங்கேன்னா, கிரவுண்டுக்கு நேர் எதுக்க. ரூம்லருந்து கிரவுண்டுக்குப் போகணும்னா அந்த வாசல் வழியாத்தான் போகணும். நான் அப்பதான் குட்செட் ரோட்டுல சுத்திப் போற பழக்கத்த ஆரம்பிச்சேன். நடை நல்லதுல்ல ஒடம்புக்கு. அவன் மூணு மாசம் அதுல கெடந்தான். ரெண்டு தடவை கத்தி வச்சாங்க. டீம்ல எல்லாரும் போய்ப் பாத்துட்டு வந்தானுக. வந்து எங்கிட்ட, 'உன்னையக் கேக்கான்'னானுக. கேக்கட்டும். எனக்கு நேரமில்ல. மேட்ச்சு இருந்துச்சு.

ஒரு நாள் போனேன். போனேன்னா, உள்ள போகல. அங்க கின்னுன்னு ஒரு ஆரஞ்சு உண்டு, குளிர் காலத்துல கெடைக்கும். ஒரு பை வாங்கினேன். எனக்குத்தான் வாங்கினேன். கையில பை இருக்கேன்னு அப்படியே உள்ள போய், மாடி ஏறி, வார்டு கிட்டப் போயிட்டேன். உள்ள பாட்டுச் சத்தம். அவன்தான். சுத்தி நர்சம்மாக்க கை தட்டிக்கிட்டு நிக்காங்க போல. காலு போனவன் தம்பி, இனிமே கம்பத் தொட முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு, அவன் பாடுதான். அழுதுக்கிட்டுக் கெடந்தான்னா உள்ள போய் ரெண்டு வார்த்த சொல்லியிருப்பேன். எனக்கும் மனசு இருக்குல்ல. பாடுறவன்கிட்டப் போய் நான் என்னத்தச் சொல்ல? திரும்பிட்டேன். அம்புட்டு கின்னையும் ரூம்ல உக்காந்து நானே தின்னேன். அவன் கட்டிலு சும்மாத்தானே கெடந்துச்சு, தோல உரிச்சு அதுல போட்டேன்.

பெறகு மாத்தல் வாங்கிட்டு ஊருக்கு வந்துட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. எனக்கு அந்தக் குளிரு ஒத்துக்கல.

அவனுக்கு நல்ல நேரம். கெட்ட நேரத்துலயும் நல்ல நேரம். பக்கத்துக் கட்டில்ல இடுப்பொடிஞ்சு கெடந்தவன் லூதியானாவுல பாட்டுக் கம்பெனி வச்சிருந்தானாம். ஆஸ்பத்திரிய விட்டு வந்ததும் இவனக் கூட்டிட்டுப் போயி பாடவச்சு வெளியிட்டுட்டான். அது என்ன பாட்டுங்கீங்க? வாசல்ல செருப்புச் சத்தம் கேக்குது, யாரு, வீர்ஜியா? இல்ல, பால்காரன். மறுபடியும் சத்தம் கேக்குது, வீர்ஜியா? இல்ல, டாக்டரு. மறுபடியும், வீர்ஜியா? இல்ல, காத்து. இதுதான் பாட்டு. கடைசி வரைக்கும் எவனும் வர மாட்டான். இதப் போட்டுக் கல்யாண வீட்டுல ஆடுதானுக பாருங்க, அவனுகளச் சொல்லணும். எந்த வீர்ஜியோ, என்னத்துக்கு வரணுமோ. பஞ்சாப்ல தெருவுக்கு நூறு வீர்ஜி. எங்க ஊரு டீக்கடையில இந்தப் பாட்டு ஓடுச்சுன்னா நான் டீய வச்சிட்டு எந்திரிச்சிருவேன்.

பாட்டுலருந்து சினிமா. மொதல்ல வில்லனுக்குக் கையாளு, பெறகு ஹீரோவுக்குத் தம்பி, பெறகு இவனே ஹீரோ. நொண்டிக்கிட்டே ஆடுதான், அதையும் ஸ்டைலுங்கான். இப்ப தன் கதையத் தானே எடுத்து, தானே நடிச்சு, தானே பாடி. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு.

அந்தக் கதை எழுதுறவன் பம்பாயிலருந்து எங்க வீட்டுக்கு வந்தான் தம்பி. கூட ஒரு தமிழ் தெரிஞ்ச ஆளு. நான் ஒண்ண மறைக்கல. ஓடுன்னு நான்தான் சொன்னேன், காப்பு என் கால்லதான் இருந்துச்சு, ஆஸ்பத்திரிக்கு நான் போகல, அழுகல, எல்லாத்தையும் சொன்னேன். 'அப்படியே எழுதிக்கோ, எனக்கென்ன பயம்'னேன். அவனும் தலையத் தலைய ஆட்டிக்கிட்டுப் போனான். படம் வந்து பாத்தா நான் சுவத்துல முட்டிக்கிட்டுக் கெடக்கேன். அதுலயும் பாருங்க, பஞ்சாபியில எடுத்தப்ப நான் மதராசி. தமிழ் டப்பிங்ல எல்லாருமே தமிழ் பேசுதானா, பெறகு மதராசிய எப்படிக் காட்டுறது? என்னையப் பாலக்காட்டு ஆளா ஆக்கிட்டான். 'எந்தா பாலி'ன்னு அழுதேன்ல, கேட்டீங்கல்ல. கோவில்பட்டிக்காரன் நான்.

ஊர்ல படம் ஓடுனதுலருந்து எனக்கு நிம்மதி போச்சு. தெருவுல போறவ வாரவ எல்லாம் நின்னு கும்பிடுதா. வேணி தியேட்டர்லயே அழுதுட்டா. வீட்டுக்கு வந்து, 'இப்படி ஒரு மனசு ஒங்களுக்கு இருக்குன்னு இத்தன வருசம் எனக்குத் தெரியாமப் போச்சே'ங்கா. 'அடியே, அது பொய்யி, நான் போகவே இல்ல'ன்னேன். 'சும்மா இருங்க, நல்லது செஞ்சவங்க இப்படித்தான் சொல்லுவாங்க'ங்கா. அன்னையிலருந்து கேக்காமலே ரெண்டாந்தரம் கொழம்பு ஊத்துதா. கல்யாணமாகி இத்தன வருசத்துல அவ எம்மேல பிரியமா இருக்கிறது இப்பதான். அதுவும் அந்தத் தொப்பைக்காரன் மேல உள்ள பிரியம். உண்மையச் சொன்னா அடக்கம்ங்காங்க. நான் என்ன செய்ய.

இன்னைக்கு என்னன்னா, அவன் எங்க ஊருக்கு வாரான். சாயந்தரம் விழா. எங்க தெருக் கிளப்பு கிரவுண்டு இருக்கு, கல்லும் முள்ளுமா, அதுக்குப் பச்சை விரிப்புத் தரை போட்டுத் தாரேன்னு சொல்லியிருக்கான். எங்க பயலுக முழங்கால் பூரா காயம், நல்லதுதான், போடட்டும். ஆனா மேடையில அவன் கையால எனக்குப் பொன்னாடை போர்த்தணுமாம். அய்யலு அண்ணன் மேடை ஏறணும், அது ஒண்ணுதான் கேட்டானாம். கிளப்புச் செக்ரட்டரி திருப்பதிராஜா ஒரு வாரமா என் வீட்டுத் திண்ணையிலயேதான் கெடக்கான். 'மாமா, நீங்க வந்து நின்னாப் போதும் மாமா, பேசக்கூட வேண்டாம்'ங்கான். பஸ் ஸ்டாண்டு முன்னால பேனர் வச்சிருக்கான், 'எங்கள் மண்ணின் மைந்தர் அய்யலுசாமி'ன்னு. என் படம் போட்டிருப்பானுகன்னு கிட்டப் போய்ப் பாத்தேன். அந்த நடிகன் படத்தப் போட்டிருக்கான். கேட்டா, 'அதுதான் மாமா சனத்துக்குப் பழகுன மொகம்'ங்கான்.

காலையில போன் வந்துச்சு. பாலி. தூத்துக்குடியில எறங்கிட்டேன்னு. அந்த ரூம விட்டு வந்த பெறகு அவன் கொரல நேரா கேக்கது இப்பதான். பாட்டுல கேட்டது கணக்கில்ல. எனக்கு வந்த ஆத்திரத்துல இந்தி எல்லாம் மறந்து போச்சு. பாதி தமிழ்லயே கேட்டேன். 'யாரக் கேட்டுல என்னைய அழ வச்ச? நான் வராதவன்னு ஒனக்குத் தெரியாதா? ஒன் கதைய எழுதுனவன்கிட்ட நான் உள்ளதச் சொன்னேன்ல? எதுக்குல பொய் சொன்ன?'ன்னு.

அவன் சிரிக்கல. பாடவும் இல்ல. 'அந்தாளு நீ சொன்னத அப்படியேதான் எழுதிட்டு வந்தான் வீர்ஜி. நான்தான் அந்தச் சீன மாத்துனேன்'னான். 'மூணு மாசமும் வார்டுக் கதவப் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன். நீ வரல. சரி, படத்துலயாவது வரட்டும்னு வரவச்சேன். கோவிச்சுக்காத. சாயந்தரம் வந்துரு'ன்னான்.

நான் போன வச்சிட்டேன். வேணி இஸ்திரி போட்டுப் போட்டுவிட்ட சட்டைதான் இது. இதோட வந்து பஸ் ஏறிட்டேன். இந்தா சட்டைப்பையில போனு அடிச்சுக்கிட்டே கெடக்கு பாருங்க, அவதான். இல்ல திருப்பதிராஜா.

என்ன திமிரு பாத்தீங்களா தம்பி. இவன் யாரு என்னைய வரவைக்க? எனக்குக் காலு இல்லையா? காலு அவனுக்குத்தானே போச்சு.

சாத்தூர் வந்திருச்சா? எறங்கி எதுத்த பஸ்ஸப் பிடிச்சா சாயந்தரத்துக்குள்ள போயிரலாம்ங்கீங்க. போயிரலாம். எனக்கு வழி தெரியாமயா? நீங்க சின்ன ஆளு, உங்களுக்குப் புரியாது. இத்தன வருசமா போகணும் போகணும்னுதான் இருந்தேன். இந்தக் குளிரு முடியட்டும், இந்த வெயிலு முடியட்டும்னு. என்னைக்காவது ஒரு நாள் அவன் முன்னால போய் நின்னிருப்பேன். யாருக்கும் தெரியாம, ஒரு பை கின்னோட. இப்ப எப்படிப் போறது? மேடையில ஏறுனா சனம் பூரா, அய்யலுசாமி மறுபடியும் வந்துட்டான்னுல்ல கை தட்டும்.

நான் முதத் தடவையே இன்னும் போகலையே தம்பி.